‘ஹோம்’ என்னுஞ் சொல்லும் பிரெஞ்சு மொழியும்

மொழிபெயர்ப்பு என்பது ஒரு குடத்து நீரை மற்றொரு குடத்தில் ஊற்றுவது போன்றதென எண்ணுவார் நம்மிற் பலர். இரு மொழிகளையும் ஒருவாறு கற்று, பக்கத்தில் அகராதி ஒன்றையும் வைத்துக்கொண்டால் வேலை எளிதில் முடிந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. அரிய சொற்கள்தாம் இடர் தரும், எளிய சொற்கள் தாமே வந்து பொருந்தும் என்றும் அவர்கள் கருதுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. மருத்துவ நூலிலும் இயந்திர நூலிலும் வழங்கும் நீண்ட சொற்களுக்கு எம்மொழியிலும் ஒருவாறு ஈடு செய்துவிடலாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் வரையறை அங்கே உண்டு. பால் குடிக்கும் பருவத்திலேயே நாவிற் படிந்து, பின்னர் வாழ்நாள் முழுதும் பல பொருள்களைச் சுமந்து திரியும் சின்னஞ்சிறு சொல்லே மொழிபெயர்ப்பாளனைத் திகைக்க வைப்பது.

அத்தகைய சொற்களுள் ஒன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹோம்’ என்பது. பட்டணத்து வாசகரும் தோட்டப்புறத்து வாசகரும் ஒருங்கே அறிந்த சொல் இது. ஆங்கிலேயர் கல்லும் மரமுங் கொண்டு எழுப்பிய கட்டடத்தை ‘ஹவுஸ்’ என்பர். அதனுள் நடக்கும் வாழ்வையுஞ் சேர்த்து நோக்குங்கால் ‘ஹோம்’ என்பர். அம்மட்டோ? பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய குடும்பமும் ஹோம். பிறந்து வளர்ந்த ஊரும் ஹோம். கடல் கடந்து வந்தவனுக்குத் தாய்நாடும் ஹோம். அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் விடுதிக்கும், முதியோரைப் பேணும் நிலையத்துக்கும் அதுவே பெயர். நாட்டின் உள்விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சுக்கும் அதுவே அடைமொழி. பந்தாட்டத்தில் ஒரு கட்சியார் தமது சொந்தத் திடலில் ஆடினால் அதற்கும் அச்சொல்லே. ஆணி பலகையில் முற்றும் இறங்கினால் அஃது ‘ஹோம்’ போய்ச் சேர்ந்தது என்பர். ஒருவன் சொன்ன உண்மை கேட்டவன் நெஞ்சில் தைத்தாலும் அங்ஙனமே கூறுவர். பெயராகவும், பெயருக்கு அடையாகவும், உருபு எதனையும் வேண்டாது வினையைத் தழுவி நிற்பதாகவும் அஃது இயங்குகிறது. இத்தனை வேலைகளையும் ஓரசைச் சொல் ஒன்றே தாங்கி நிற்கிறது.

இச்சொல்லைப் பிரெஞ்சில் பெயர்க்கப் புகுந்தவர் பட்ட பாட்டையும், அப்பாட்டினால் நமக்குப் புலப்படும் உண்மைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடப்பது ஒரு குறுகிய கடற்கால்வாயே. 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்திற் புகுந்தன. இத்துணை நெருங்கிய இரு மொழிகளுக்குள்ளேயே ஒரு சிறு சொல் இவ்வளவு தொல்லை விளைக்குமாயின், தொலைவிலுள்ள நம் மொழிக்குள் ஆங்கில நூல்களைக் கொணர்வோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை நாம் எடுத்துக் கூறவேண்டுவதில்லை.

பிரெஞ்சுக்காரருக்கு ‘ஹோம்’ என்னும் சொல் இல்லை. ஆகவே அவர்களுக்குக் குடும்ப வாழ்வின் இன்பமே தெரியாது என்று பெருமை பேசிய ஆங்கிலேயர் ஒரு காலத்தில் பலர் இருந்தனர். இக்கூற்றை நாம் அறவே மறுக்கிறோம். சொல் இல்லாத இடத்திற் பொருளும் இல்லை என்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாத முடிபு. இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால், நாளைக்கே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுந்து, ‘எங்கள் மொழியிலுள்ள இன்ன சொல் ஆங்கிலத்தில் இல்லை, ஆகவே ஆங்கிலேயருக்கு அவ்வுணர்ச்சியே இல்லை’ என்று கூறத் தடையென்ன? தம் மொழியை மரக்காலாகக் கொண்டு பிறர் நெஞ்சை அளக்கப் புகுவது அறியாமை. அதனோடு ஆளும் இனத்தாரென்ற செருக்கும் கலந்துவிட்டால் அவ்வறியாமைக்கு மருந்தில்லை.

இனி, பிரெஞ்சு மொழியின் கையிருப்பைப் பார்ப்போம். வீட்டுக்குப் பொதுவாக வழங்கும் சொல் ‘மேஸோன்’. தங்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையின் வழிவந்தது அது. கட்டடத்தையும் குறிக்கும், குடும்பத்தையும் ஓரளவு குறிக்கும், வணிக நிலையத்தையும் அரச வமிசத்தையுங்கூடக் குறிக்கும். இரண்டாவது ‘ஃபுவாயே’. நெருப்பு மூட்டும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. குளிர்நாட்டில் கணப்பைச் சுற்றியே குடும்பம் கூடுமாதலின் கணப்பின் பெயரே குடும்பத்துக்கும் பெயராயிற்று. மூன்றாவது ‘தோமிசீல்’; சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் விலாசம் அது. நான்காவது ‘பேயி’, நாடு என்றும், ஒருவன் பிறந்த வட்டாரம் என்றும் பொருள்படும். ஐந்தாவது ‘பத்ரி’, தந்தையர் நாடு என்பது அதன் கருத்து, கொடியும் போர்முரசும் உடன் வரும் சொல். ஆங்கிலத்தில் ஒரே கூரையின்கீழ் ஒண்டியிருந்த பொருள்கள் பிரெஞ்சில் ஐந்து வெவ்வேறு வீடுகளிற் குடியேறியிருக்கின்றன என்க.

ஆதலால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன் ‘ஹோம்’ என்பதைக் காணுந்தோறும் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் கைவிடக் கடமைப்பட்டவன். முதியோர் நிலையமாயின் ‘ஓய்வுக்குரிய மேஸோன்’ என்பான். அமைச்சாயின் ‘உட்புறத்து அமைச்சு’ என்பான். நம்மவர் ‘உள்துறை’ எனப் பெயர்த்ததும் இவ்வழியே. 2002 இல் அமெரிக்க அரசாங்கம் ‘ஹோம்லாண்ட்’ என்னும் உருக்கமான சொல்லைச் சேர்த்துப் பாதுகாப்புத் துறையொன்றை அமைத்தபோதும், பிரெஞ்சுக்காரர் உருக்கத்தைக் களைந்துவிட்டு ‘உட்புறப் பாதுகாப்பு’ என்றே எழுதினர். சொந்தத் திடலில் ஆடும் ஆட்டம் ‘தோமிசீலில்’ ஆடும் ஆட்டமாயிற்று. பள்ளிப் பிள்ளை வீட்டிற் செய்துவரும் பாடத்துக்கு வீட்டின் பெயரே இல்லை. ‘கடமைகள்’ என்று பெயர். உணவுச்சாலையிலேயே ஆக்கிய பண்டம் ‘மேஸோனில் செய்தது’ எனப்படும். இப்பெயரை எப்பண்டத்துக்கு இடலாம் என்பதற்கு 2014 இல் பிரான்சில் சட்டவிதியே ஏற்பட்டது. கணினித் திரையில் ஒரு நிலையத்தாரின் முதற்பக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்கின்றனர். பிரெஞ்சில் ‘வரவேற்புப் பக்கம்’ என்கின்றனர். ஒருவர் தம் வீட்டுக்குத் திரும்பி வருவதாக எண்ணுகிறார்; மற்றவர் வாயிலில் நின்று விருந்தினரை எதிர்கொள்வதாக எண்ணுகிறார். எது சிறந்ததென்று வழக்காடுவதிற் பயனில்லை.

எனினும், இவ்வைந்து பெயர்களையும் ஒருங்கு சேர்த்தாலும் ‘ஹோம்’ நிறைவதில்லை. ஏன்? ஆங்கிலேயர் பெயர்ச்சொல்லில் வைத்த உயிரைப் பிரெஞ்சுக்காரர் வேறிடத்தில் வைத்திருக்கின்றனர். ‘ஷே’ என்றோர் இடைச்சொல் அம்மொழியில் உண்டு. குடிசை எனப் பொருள்படும் ‘காஸா’ என்னும் இலத்தீன் பெயரே காலப்போக்கில் தேய்ந்து இவ்விடைச்சொல்லாக நிற்கிறது. அது தனித்து நில்லாது. ஆளைத் தழுவியே நிற்கும். ‘ஷே முவா’ என்றால் என் இடத்தில். ‘ஷே நூ’ என்றால் நம் இடத்தில் அல்லது எங்கள் இடத்தில். வைத்தியரைச் சேர்த்துச் சொன்னால் வைத்தியரிடத்தில். ஓர் ஆசிரியரின் பெயரைச் சேர்த்து, அவர்தம் நூல்களிற் காணும் பண்பைக் குறிக்கவும் அதனையே ஆள்வர். தமிழ் வாசகருக்கு இது புதுமையன்று. இடம் என்னும் பெயரே நம் மொழியில் உருபாகி, ‘என்னிடம்’, ‘வைத்தியரிடம்’, ‘மொலியேரிடம் காணும் நகைச்சுவை’ என ஆளைத் தழுவி வழங்குதல் காண்க. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் ஒன்றேனும் இல்லை. அதனால் ஆங்கிலேயருக்குப் பிறர் வீட்டுக்குப் போகத் தெரியாது என்று யாரேனும் சொல்லத் துணிவரோ?

வினையிலும் அவ்வுயிர் உறைகிறது. மாலையில் வேலை முடித்து எழுந்த ஆங்கிலேயன் ‘ஹோம் போகிறேன்’ என்னும் இடத்தில், பிரெஞ்சுக்காரன் ‘மீண்டும் உட்புகுகிறேன்’ எனப் பொருள்படும் ‘ரான்த்ரே’ என்னும் ஒரே வினையாற் சொல்லி முடித்துவிடுகிறான். எவ்விடத்தில் என்று கேட்பார் எவருமில்லை. மனிதன் மீண்டும் மீண்டும் உட்புகும் இடம் ஒன்றே என்பது அவ்வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே, அகராதியிற் பெயர்ச்சொற்களை மட்டும் புரட்டிப் பார்த்து ‘இல்லை’ எனத் தீர்ப்புக் கூறியவர், வீட்டுக்காரன் கொல்லையில் நிற்க, வாசலிற் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆளில்லையென்று திரும்பியவரையே ஒப்பர்.

சொல்லின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்றால் குடியிருப்பு, சிற்றூர் என்பது பொருள். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அஃது இன்றும் நிற்கிறது. அதற்கு உறவான பிராங்கியர் சொல்லொன்று பிரெஞ்சிலும் புகுந்து, ‘அமோ’ என மருவி, சிற்றூரையே குறிக்கிறது. வேர் ஒன்று, ஒருவர் அதனைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் அழைத்துச் சென்றனர், மற்றவர் ஊரெல்லையிலேயே நிறுத்தினர். இல்லையென்று இகழப்பட்டவரின் நாவிலும் அச்சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வருகிறது!

நிற்க. இனி இலக்கியத்துக்கு வருவோம். நான்காண்டு இடைவெளியில் இரண்டு அமெரிக்க ஆசிரியைகள் ‘ஹோம்’ என்ற ஒரே பெயரில் இரு நாவல்கள் எழுதினர். 2008 இல் வெளிவந்தது மெரிலின் ராபின்சன் எழுதியது. 2012 இல் வெளிவந்தது, 1993 இல் நோபெல் பரிசு பெற்ற டோனி மாரிசன் எழுதியது. பிரெஞ்சில் முன்னதற்கு ‘ஷே நூ’ என்று பெயரிட்டனர். பின்னதற்கு ஆங்கிலப் பெயரையே மாற்றாது ‘ஹோம்’ என்று அச்சிட்டனர். ஒரே சொல்லுக்கு இரு தீர்ப்புகள்! இவற்றுள் எது தகும் என்பதை நூல்களின் உள்ளே புகுந்து பார்த்தாலன்றிச் சொல்ல இயலாது.

ராபின்சனின் கதை 1950களில், அயோவா மாநிலத்துக் கிலியட் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. பவுட்டன் என்னும் முதிய பாதிரியார் சாகுந் தறுவாயில் இருக்கிறார். 38 வயதான மகள் குளோரி, தந்தையைப் பேணத் திரும்பி வந்திருக்கிறாள். 20 ஆண்டுகளாய் முகங்காட்டாத மகன் ஜாக்கும் வந்து சேர்கிறான். மூவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவர் நெஞ்சை ஒருவர் எட்ட முடியாமல் தவிப்பதே கதை. ஜாக்குக்கு ஒரு மனைவியும் மகனும் உண்டு. மனைவி டெல்லா கறுப்பினத்தவள். வெள்ளையர் கறுப்பினத்தாரை மணப்பதை அவள் வாழும் மிசூரி மாநிலச் சட்டம் அக்காலத்தில் ஏற்கவில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையென்று தீர்ப்பளித்தது 1967 இலேதான். தன் மனைவி மக்களை இவ்வூருக்கு அழைத்து வரலாமா என்பதே ஜாக்கின் நெஞ்சிற் கிடந்த கேள்வி. அவன் மனமுடைந்து ஊரைவிட்டுப் போனபின் டெல்லா சிறுவனுடன் வாயிலில் வந்து நிற்கிறாள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டுமாதலால் அவளால் தங்க இயலவில்லை. கறுப்பினத்தார் இரவில் அச்சமின்றி வழிச்செல்லக்கூடிய நாடாக அஃது அன்று இருக்கவில்லை.

இப்பொழுது ‘ஷே நூ’ என்னும் பெயரை நோக்குக. ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்னும் சொல்லுக்கு உரிமையாளன் வேண்டியதில்லை. அது யாருடையது என்பதைச் சொல்லாமலே நூலட்டையில் நிற்கலாம். பிரெஞ்சோ, ‘யாருடைய இடம்?’ என்ற வினாவைக் கேட்டு விடை பெறாமல் விடாது. மொழிபெயர்ப்பாளர் ‘நூ’ என விடை கூறினார். அவ்விடை மற்றொரு வினாவைக் கிளப்புகிறது: இந்த ‘நூ’வில் யார் யார் அடங்குவர்? வாயிலோடு திரும்பிய டெல்லா அடங்குவாளா? பாட்டனின் வீட்டைக் கண்ணாற் பார்த்துவிட்டுப் போன சிறுவன் அடங்குவானா? நாவல் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுவன்றி வேறென்ன? மூலத்தில் மறைந்து கிடந்ததை மொழிபெயர்ப்பு அட்டையிலேயே வெளிக்கொணர்ந்துவிட்டது. ஆகவே இதனை வெறும் பெயர்ப்பென்று கொள்ளாது, நூலுக்குச் செய்த நல்ல திறனாய்வென்றும் நாம் கொள்கிறோம்.

இவ்விடத்தில் தமிழ் ஒருபடி மேலே செல்லும் என்பதையுங் குறித்தல் தகும். பிரெஞ்சின் ‘நூ’ கேட்பவனை உள்ளடக்கியும் வரும், விலக்கியும் வரும். நாமோ ‘நம் வீடு’ என்பதா, ‘எங்கள் வீடு’ என்பதா எனத் தேர்ந்தே ஆகவேண்டும். பவுட்டன் வீட்டார் டெல்லாவை நோக்கி ‘எங்கள் வீடு’ என்றால் கதவு சாத்தப்பட்டது. ‘நம் வீடு’ என்றால் கதவு திறந்தது. ஆங்கிலம் இக்கேள்வியை மறைக்கிறது, பிரெஞ்சு எழுப்புகிறது, தமிழ் விடை சொல்லுமாறு கட்டாயப்படுத்துகிறது. இந்நாவலைத் தமிழாக்க நினைப்பவர், பேனாவை எடுக்குமுன் இவ்விரண்டு சொற்களுள் எதனை யார் வாயில் வைப்பது என்று தீர்மானித்துக்கொள்ளக் கடவர்.

மாரிசனின் நாவலுக்கு ஏன் அவ்வழி பயன்படவில்லை? அதன் நாயகன் பிராங்க் மணி கறுப்பினத்தான். கொரியப் போரிலிருந்து மீண்ட படைவீரன். அவன் 4 வயதுச் சிறுவனாயிருந்தபோதே அவன் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் டெக்ஸஸ் மாநிலத்திலிருந்து துரத்தப்பட்டனர். வீட்டைவிட்டு வெளியேற 24 மணி நேரமே அவர்களுக்குத் தவணை. அவர்கள் ஒண்டிய ஜார்ஜியா மாநிலத்து லோட்டஸ் என்னும் ஊரை அவன் போர்க்களத்தினுங் கொடியதாக வெறுக்கிறான். ஆயினும் அட்லாண்டா அருகே ஒரு வெள்ளை மருத்துவனின் ஆராய்ச்சிக் கொடுமைக்கு ஆளாகிக் குற்றுயிராய்க் கிடக்கும் தங்கை சீயை மீட்டு, அவ்வெறுத்த ஊருக்கே அழைத்துச் செல்லும்படி நேர்கிறது. அவ்வூர்ப் பெண்களே அவளைக் குணப்படுத்துகின்றனர். வீட்டின் உரிமையைக் கேள்வியாக்கும் பாட்டொன்றை முகப்பிற் கொண்ட இந்நூல், தங்கை அண்ணனை ‘ஹோம்’ போக அழைப்பதோடு முடிகிறது.

இதற்கு ‘மேஸோன்’ எனப் பெயரிட்டால், துரத்தப்பட்டவனுக்கு வீடேது என்ற கேள்வி எழும். ‘ஷே நூ’ என்றால், அண்ணனும் தங்கையும் நாவலின் இறுதியிலன்றோ ‘நாம்’ எனச் சொல்லத் தகுதி பெறுகின்றனர். அதனை அட்டையிலேயே சொல்லிவிடலாமோ? ‘பத்ரி’ என்றால், அந்நாட்டுக்காகவே குருதி சிந்திவிட்டு அதே நாட்டில் பேருந்திலும் உணவுச்சாலையிலும் ஒதுக்கி நிறுத்தப்பட்டவன் அதனை நகைப்புக்கிடமான சொல்லாகவே கேட்பான். அமெரிக்கப் படையில் நிறவேற்றுமையை ஒழிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தது 1948 இல். படையுடையைக் கழற்றியதும் அவ்வாணையின் பயன் அவனைவிட்டு நீங்கிற்று. ஆக, ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லும் நாவலின் ஒரு பகுதியைத் தொட்டு, மற்றொரு பகுதியைப் பொய்யாக்குகிறது. மூலச் சொல்லையே விட்டுவைத்ததற்கு இவ்வளவு நியாயம் உண்டு.

ஆயினும் அத்தீர்ப்பை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. வேற்றுமொழிச் சொல் வெறுங்கையோடு வருவதில்லை. அது புகுந்த நாட்டில் அதற்கென ஒரு வாழ்வு உண்டு. 19 ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹோம்’ பிரெஞ்சு நூல்களிற் புகுந்து, ஆங்கிலப் பாணியில் அமைந்த சுகமான உள்வீட்டைக் குறித்தது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுவோர் வாயில் அது முதியோர் நிலையத்துக்குப் பெயர். விடுமுறைக் காலத்தில் மக்கள் தங்கும் நகரும் வீட்டுக்கும் அதன் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2009 இல் பிரெஞ்சுக்காரரான யான் ஆர்த்துஸ் பெர்த்ராண் பூமியைப் பற்றி எடுத்த படத்துக்கும் அப்பெயரே இட்டார். பூமியையும் முதியோர் விடுதியையும் நினைப்பூட்டும் சொல், வேரறுக்கப்பட்ட கறுப்பின மனிதனின் ஏக்கத்தைப் பிரெஞ்சு வாசகனுக்கு எங்ஙனம் உணர்த்தும்? மேலும், அட்டையில் மௌனஞ் சாதிக்கலாம். நூலுக்குள் அது முடியாது. தங்கை அண்ணனை அழைக்கும் அந்த இறுதி வாக்கியத்தில் மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் துணிந்தே ஆகவேண்டும். உள்ளே எடுக்க வேண்டிய துணிவை வெளியே தவிர்ப்பது பெருங்குற்றமன்று. ஆனால் அதனை வெற்றியென்று கொண்டாடவும் நாம் ஒருப்படோம்.

சில இடங்களில் சொல்லையே கைவிட்டு வேறு வழியில் நடந்தோரும் உண்டு. தாமஸ் வுல்ப் 1929 இல் எழுதிய நாவலின் பெயர், தேவதூதனை ‘ஹோம்’ இருக்கும் திசை நோக்குமாறு ஏவுவது. பிரெஞ்சுப் பதிப்பொன்றில் அது ‘நாடுகடத்தப்பட்ட தேவதூதன்’ என்றாயிற்று. வீட்டை நோக்குபவன் வீட்டை இழந்தவனே என்று கண்டு, உள்ளதைச் சொல்லாமல் இழந்ததைச் சொன்னார்கள். இது சிறப்பே. 1990 இல் வந்த அமெரிக்கச் சினிமாப் படமொன்றின் பெயர், சிறுவன் ‘ஹோமில்’ தனித்து விடப்பட்டதைக் கூறுவது. பிரான்சில் அதற்கு ‘அம்மா, நான் விமானத்தைத் தவறவிட்டேன்’ என்று பெயர்! வீடும் இல்லை, தனிமையும் இல்லை. கொட்டகைக்கு ஆள் சேர்க்கும் சாமர்த்தியம் மட்டுமே உண்டு. முன்னது பொருளைக் காக்கச் சொல்லை விட்டது. பின்னது இரண்டையும் விட்டது. இவ்வேறுபாட்டை அறியாதார் ‘கருத்தைத் தழுவி எழுதினோம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

சொல் கையிலிருந்தும் ஆளாதவர் கதையையும் கூறுவோம். 1879 இல் நார்வே நாட்டு இப்சன், கணவன் கையிற் பொம்மையாய் வாழ்ந்த நோரா என்னும் பெண் விழித்தெழுந்து வெளியேறும் நாடகத்தை எழுதினார். அந்நாடகப் பெயரில் அவர் ஆண்டது ‘ஹோம்’ என்பதற்கு உடன்பிறப்பான நார்வேச் சொல். 1889 இல் பிரெஞ்சில் ‘மேஸோன்’ என்று பெயர்த்தனர். வேறு பெயர்ச்சொல் இல்லாமையால் அது பொறுக்கத்தக்கது. அதே ஆண்டில் ஆங்கிலத்தில் வில்லியம் ஆர்ச்சரும் ‘ஹோம்’ என்பதை விடுத்து ‘ஹவுஸ்’ என்றே பெயரிட்டார். குழந்தைகளின் பொம்மை வீட்டுக்கு ஆங்கிலத்தில் அதுவே வழக்குப்பெயர் என்பது உண்மை. ஆனால் இப்சன் தாக்கியது கட்டடத்தையன்று. எந்த ‘ஹோம்’ குறித்து ஆங்கிலேயர் பெருமை பேசினரோ, அந்தக் குடும்ப இன்பமே பெண்ணுக்கு விளையாட்டுப் பெட்டியாய் இருந்தது என்பதையே அவர் தாக்கினார். சொல் இருந்தும் அவ்வடி ஆங்கில மேடையின் பெயர்ப்பலகையில் விழவில்லை. சொல்வளம் இருப்பது வேறு. அதனைச் சுடுமிடத்தில் வைக்கத் துணிவிருப்பது வேறு.

பாரிஸ் நகரில் 1894 இல் ரேஜான் என்னும் புகழ்பெற்ற நடிகை நோராவாக நடித்தபோது, பார்த்திருந்த பெண்மக்களை ஆண்ட சட்டம் யாது? 1804 ஆம் ஆண்டு நெப்போலியன் வகுத்த சட்டத் தொகுதி. மணமான பெண்ணுக்குக் கணவனுடைய ‘தோமிசீலை’யன்றி வேறு ‘தோமிசீல்’ இல்லை என்பதும், அவன் எங்கே குடியிருக்கத் தீர்மானிக்கிறானோ அங்கே அவள் தொடர்ந்து செல்லக் கடமைப்பட்டவள் என்பதும் அதன் விதிகள். கணவனும் மனைவியும் கூடிப் பேசி வாழுமிடத்தைத் தீர்மானிக்கலாம் என்ற முழு உரிமை 1975 இலேதான் சட்டமாயிற்று. வெளிவேலைக்குச் செல்லாத மனைவியைப் பிரெஞ்சில் இன்றும் ‘ஃபுவாயேயில் இருக்கும் பெண்’, அஃதாவது கணப்படியிலிருப்பவள் என்பர். இச்சொற்கள் பிறந்த வரலாற்றை அறியாத மொழிபெயர்ப்பாளன், ஆங்கிலப் பெண்ணொருத்தி ‘ஹோம்’ என்று ஆசையோடு சொல்லுமிடத்தில் ‘ஃபுவாயே’ என்றெழுதி அவளை அடுப்படிக்கு அனுப்பிவிடவுங் கூடும்; ‘தோமிசீல்’ என்றெழுதிக் கணவனின் விலாசத்துக்கு அனுப்பிவிடவுங் கூடும்.

வீடற்றோர் நிலை இன்னுங் கொடிது. ஆங்கிலத்தில் அவர்கள் ‘ஹோம்’ அற்றவர். பிரெஞ்சில் ‘மறைப்பு அற்றவர்’ என்றும், ‘நிலையான தோமிசீல் அற்றவர்’ என்றும் இரு பெயர்கள். முதற்பெயர் மழையை நினைக்கிறது. இரண்டாவது பெயர் விலாசம் எழுதும் அதிகாரியை நினைக்கிறது. 1810 ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், குடியிருப்பும் பிழைப்பு வழியும் இன்றித் தொழில் எதனையும் வழக்கமாகச் செய்யாதவரை நாடோடிகள் என வகுத்து, அந்நிலையையே குற்றமாக்கிற்று. அக்குற்றம் 1994 இல் புதிய சட்டத்தொகுதி நடைமுறைக்கு வந்தபோதுதான் ஏட்டைவிட்டு நீங்கிற்று. இங்கிலாந்தும் குறைந்ததன்று, 1824 இல் அங்கும் திரிவோரைத் தண்டிக்கச் சட்டம் பிறந்தது. ‘ஹோம்’ என்னும் இனிய சொல்லை வைத்திருந்த நாடும், அது இல்லாத நாடும், ஏழையைச் சிறைக்கனுப்புவதில் ஒன்றாகவே நடந்துகொண்டன. குடும்ப இன்பம் அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்று சொல்லைக்கொண்டு வழக்காடியவர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இவ்வளவும் பிரான்சின் கதை. நமக்கென்ன என்று கேட்கும் வாசகர் சிலர் இருக்கலாம். இந்நாட்டில் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம்மவர், கூரை தோட்டத்தாருடையது, வேலை போனால் வீடும் போம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். அவர்கள் ‘வீடு’ என்ற சொல்லில் அடக்க முடியாததை ‘ஊர்’ என்ற சொல்லில் வைத்திருந்தனர். கப்பலேறி வந்தவர் ‘ஊருக்குப் போகிறேன்’ என்றபோது சொன்னது தமிழ்நாட்டுக் கிராமத்தை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அதையே சொன்னால் ஈப்போவையோ கிள்ளானையோ குறிக்கும். ஆங்கிலக் கதையில் ‘ஹோம்’ என வருமிடமெல்லாம் ‘வீடு’ என்றெழுதிப் பக்கத்தை நிரப்பும் நம் மொழிபெயர்ப்பாளர் இதனைச் சற்றே நினைத்துப் பார்த்ததுண்டா? போர்வீரன் கப்பலில் நின்று ஏங்குவது வீட்டுக்கா, ஊருக்கா, நாட்டுக்கா? மணமான பெண் நினைத்து அழுவது பிறந்த வீட்டையா, புகுந்த வீட்டையா? ‘வீடு’ என்று மட்டும் எழுதினால் விடை கிடைக்காது.

ஆகவே நாம் வேண்டுவது இது. பல பொருள் தாங்கிய சிறு சொல்லைக் காணும்போது, அதற்கு நேர்சொல் யாதென்று தேடும் வழக்கத்தை மொழிபெயர்ப்பாளர் விடுத்தல் வேண்டும். அவ்விடத்தில் அச்சொல் யாருக்கு உரியது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று முதலிற் கேட்டல் வேண்டும். விடை பெயர்ச்சொல்லாகக் கிட்டாவிடின் வினையிலும் உருபிலும் தேடுக. ஒரு நூலில் பத்து இடங்களில் வரும் ஒரே சொல்லைப் பத்து விதமாய்ப் பெயர்க்க நேரினும் அஞ்சற்க. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். காரணம் சொல்ல இயலாத பெயர்ப்பு எவ்வளவு இனிய நடையில் இருப்பினும் அதனை ஏற்காதிருக்க வாசகர்க்கு முழு உரிமை உண்டு. அவ்வுரிமையை அவர்கள் தயங்காது செலுத்துவாராக.